மேட்டுப்பாளையம் தொட்டு ஊட்டி வரை 1,900 மீட்டர்: ஒட்டாத இருவர் துப்பறியும் மலைப் படத்தின் உள்கணக்கு

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டரில் இருக்கிறது. ஊட்டி நிலையம் 2,200 மீட்டரில். இடையிலுள்ள இந்த 1,900 மீட்டர் உயரம்தான் நீலகிரியில் நடக்கும் எந்தத் துரத்தல் கதைக்கும் கைமுதல். தமிழ் சினிமா அதைப் பெரும்பாலும் பாட்டுக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாகவே செலவழித்திருக்கிறது. ஒட்டாத இருவர் சேர்ந்து குற்றம் துப்பறியும் அதிரடி நகைச்சுவைப் படத்தை மலையில் வைக்கும்போதும் அதே பழக்கம்தான்: சென்னையில் நடக்க வேண்டிய கதைக்கு ஸ்வெட்டர் மாட்டி மேலே ஏற்றிவிடுவது. கும்பல் அதே கும்பல், குடோன் அதே குடோன். ஜன்னலுக்கு வெளியே மட்டும் மூடுபனி.

இந்த வகைப் படத்தில் சிரிப்பும் சண்டையும் துப்பும் ஒரே ஊற்றிலிருந்து வரவேண்டும். சண்டைக்கு ஒரு மாஸ்டர், சிரிப்புக்கு ஒரு காமெடி டிராக், துப்புக்கு ஒரு சிசிடிவி காட்சி என்று பிரித்து வாங்கினால் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். மலையில் அந்த ஊற்று உயரம். மூச்சு வாங்குவது, வண்டி திணறுவது, பிரேக் காய்வது, சாக்லேட் உருகுவது, பிணம் விறைப்பது எல்லாவற்றையும் உயரம் மாற்றிவிடுகிறது. கீழேயிருந்து வந்தவனுக்கு அது தெரியாது. மேலே பிறந்தவருக்கு அது தெரியும் என்பதே தெரியாது. இந்த இரண்டு அறியாமையும் சந்திக்கும் இடத்தில்தான் நட்புக்கு வேலை இருக்கிறது.

முதலில் கயிறு. பிடிக்காத இருவரை இரண்டு மணி நேரம் ஒன்றாகக் கட்டிவைக்கும் காரணத்தைத்தான் கயிறு என்கிறோம். 1982-இல் வந்த '48 ஹவர்ஸ்' என்ற ஹாலிவுட் படம் அதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டது: துப்பறிய உதவுவதற்காகச் சிறையிலிருந்து ஒரு கைதி வெளியே வருகிறான், அவனுக்குக் கிடைத்த நேரம் 48 மணி. கடிகாரமே கயிறு. நம் திரைக்கதைகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் மேலதிகாரி வந்து உட்கார்ந்து, 'நீங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் இந்தக் கேஸைப் பாக்கணும்' என்பார். பலமில்லாத கயிறு அது. உத்தரவை மீறலாம், லீவு போடலாம். மலை கொடுக்கும் கயிறு அப்படி அறுபடாது. வழி தெரியாதவன் இறங்க முடியாது. வழி தெரிந்தவருக்குக் கதவைத் தட்டித் திறக்கும் அதிகாரம் கிடையாது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஜோடியை வைத்துக்கொள்வோம். ராமநாதபுரத்திலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர், வயது முப்பது. கூடவே ஏல நிறுவனத்தில் நாற்பது வருடம் தேயிலை சுவைத்து ஓய்வுபெற்ற, நீலகிரியின் படகர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், அறுபத்தி இரண்டு. தொழிலில் அவரை 'டீ டேஸ்டர்' என்றுதான் சொல்வார்கள். ஒருவரிடம் துப்பாக்கி, இன்னொருவரிடம் நாக்கு. துப்பாக்கியை மூடுபனியில் நீட்டிப் பயனில்லை. நாக்கு கோர்ட்டில் சாட்சியாகாது.

நட்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைக் காட்டத் தமிழில் வசனமே வேண்டாம், விளிப்பெயர் போதும். வேறு மொழியிலிருந்து உருவிய திரைக்கதைகள் பெரும்பாலும் வழுக்கும் இடம் இதுதான். அங்கே இருவரும் முதல் காட்சியிலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். இங்கே பெரியவர் எஸ்.ஐ.யை முதலில் 'சார்' என்பார். இரண்டாம் நாள், கான்ஸ்டபிள்கள் முன்னால், நாக்கு நழுவி 'தம்பி' என்றுவிடுவார். ஸ்டேஷனே நிமிர்ந்து பார்க்கும். அந்த இடத்தில் 'தம்பி' ஓர் அவமானம். கடைசி ரீலில், லாரி உருண்ட பள்ளத்தின் விளிம்பில், அதே சொல்லைக் கேட்கத்தான் எஸ்.ஐ. காத்திருப்பான். எதிர்ப்பக்கம் அவன் 'யோவ் பெருசு'வில் தொடங்கி 'ஐயா'வுக்கு ஏறி 'அண்ணே'யில் நிற்கலாம். கோவைத் தாக்கமுள்ள மலைத் தமிழில் 'ங்க' எல்லா வாக்கியத்தின் வாலிலும் தொங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். 'போங்க' என்பது அங்கே எப்போதும் மரியாதை அல்ல. 'எழுந்து போ' என்பதையும் அதே 'ங்க'வோடுதான் சொல்வார்கள். ராமநாதபுரத்துக்காரனுக்கு அது புரிய அரைப் படம் ஆகும்.

மொழி வைத்துச் சிரிக்க வைப்பதில் ஓர் எச்சரிக்கை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் படகம் பேசுவோர், கூடலூர்ப் பக்கம் மலையாளமும் கன்னடமும் கலந்த பேச்சு, 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தோட்டங்களில் குடியேறியவர்களின் தமிழ், தோடர், கோத்தர், குறும்பர், இருளர் மொழிகள் என்று ஒரே மாவட்டத்தில் இத்தனை. வேடிக்கை எப்போதும் புரியாமல் முழிக்கிற எஸ்.ஐ. மேல் விழவேண்டும், பேசுகிறவர் மேல் அல்ல. பழங்குடி ஒருவரைக் காட்டி 'ஆவி சொல்லுது' என்று வழிகாட்ட வைக்கும் காட்சி சோம்பேறித்தனம். காட்டில் வழிகாட்டுவது கண்ணும் கணக்கும்.

அடுத்து குற்றம். மலைக்கென்றே குற்றங்கள் உண்டு: கூடலூர்ப் பக்கத்து ஈட்டி மரக் கடத்தல், விலங்கைக் கொல்ல வெடி வைத்த காய், வேட்டைக் கறி, சாயம் போட்ட தேயிலை. நகைச்சுவைக்கு இதில் தோதானது கடைசியது. மற்றவற்றில் ரத்தம் அதிகம். இதில் குற்றப்பொருளைப் படம் முழுக்க எல்லோரும் ஊற்றிக் குடித்துக்கொண்டே இருக்கலாம். எஸ்.ஐ.க்கு ஸ்டேஷனில் வரும் டீயே சாட்சியப் பொருளாக இருக்கலாம்.

பின்னணி இதுதான். தேயிலை ஆலையில் தூளைச் சலிக்கும்போது நாரும் காம்பும் பஞ்சுபோன்ற துகளும் கழிவாக ஒதுங்கும். 1959-ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணைப்படி இதை வாங்க, விற்க, வைத்திருக்கத் தேயிலை வாரிய உரிமம் வேண்டும். மனிதர் குடிக்க முடியாதபடி கெடுத்த பிறகே, கஃபீன் எடுக்கவோ உரத்துக்கோ அனுப்ப வேண்டும். திருடன் செய்வது கெடுக்காமல் வாங்கி, சாயம் ஏற்றி, நல்ல தூளோடு கலப்பது. கண்டுபிடிக்க இரண்டு வழி. முதல் வழி காகிதம்: சுமார் நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் வரும். 45,000 கிலோ இலை வாங்கிய கணக்கு காட்டும் ஆலையிலிருந்து 10,000 கிலோ தூள் போகலாம். 13,000 போனால் மூவாயிரம் கிலோ வேறெங்கோ பிறந்தது. திரையில் ஒரு பழைய கால்குலேட்டர் போதும், ஹேக்கர் தேவையில்லை. இரண்டாவது வழி ஈரக்காகிதம்: வெள்ளை வடிதாளில் தூளைப் பரப்பி மேலே தண்ணீர் தெளித்து, சற்றுப் பொறுத்து எடுத்துக் குழாயடியில் கழுவி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாயம் இருந்தால் கறைப்புள்ளிகள் நிற்கும். நல்ல தூள் அப்படிக் கறை விடாது. இரும்புத்தூள் கலப்படமா என்று பார்க்கக் காந்தத்தைத் தூளின் மேல் ஓட்டினால் போதும்.

மூன்றாவது வழி பெரியவரின் நாக்கு. சுவைப்பதற்குச் சர்வதேசத் தர முறை ஒன்று உண்டு, ஐ.எஸ்.ஓ. 3103: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். பிறகு கரண்டியில் எடுத்து 'ஸ்ர்ர்ர்ப்' என்று உறிஞ்ச வேண்டும். திரவம் தூவானமாகி நாக்கு, அண்ணம், மூக்கின் பின்புறம் எங்கும் படவேண்டும் என்பதற்காக. பிறகு துப்பிவிட வேண்டும். விசாரணைக்குப் போன பெரிய மனிதரின் வீட்டு வரவேற்பறையில், வெள்ளிக் கோப்பையில் வந்த தேநீரைப் பெரியவர் இப்படி உறிஞ்சித் துப்பினால், அது தொழில்முறைப் பரிசோதனை, அவமானம், நகைச்சுவை, துப்பு நான்கும் ஒரே நொடியில். இப்படி ஒரு காட்சியை எழுதி உருவாக்க முடியாது. தொழிலிலிருந்து எடுக்கத்தான் முடியும். உயரம் இங்கேயும் உண்டு. 1,850 மீட்டரிலுள்ள குன்னூரில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேட்டுப்பாளையத்தில் அது 99. அதே தூள் கீழே கடுமையாகவும் மேலே மென்மையாகவும் இறங்கும். கீழே கலந்து கீழே ருசி பார்த்தவன், மேலே அது எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று அறிய மாட்டான்.

உயரம் தரும் துப்புகளில் மிகச் சுவையானவை பெட்டிக்கடைப் பொருள்கள். 'நான் ஊட்டியை விட்டு இறங்கவே இல்லை' என்று சாதிக்கும் சந்தேக ஆளின் பையில் வீட்டுத் தயாரிப்பு சாக்லேட் இருக்கிறது. கோக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். ஊட்டியில் மே மாதத்தில்கூட அந்த வெப்பம் வராது. மேட்டுப்பாளையத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணியில் வந்துவிடும். உருகி, பதப்படுத்தாமல் தானாகவே மறுபடி உறைந்த சாக்லேட்டின் மேல் சாம்பல் வெள்ளையாகப் பூத்திருக்கும். கொழுப்பு மேலே வந்து படிந்த அடையாளம் அது. பூத்த சாக்லேட் என்றால் எங்கோ வெப்பத்தில் கிடந்து திரும்பியிருக்கிறது. சமையலறை அடுப்பருகே வைத்தாலும் பூக்கும் என்று வக்கீல் வாதிடலாம். அதற்குத்தான் இரண்டாவது பொருள்: தண்ணீர் பாட்டில். ஊட்டியில் குடித்து முடித்து மூடி இறுக்கிய காலி பாட்டில், மேட்டுப்பாளையம் வரும்போது நசுங்கிப் போயிருக்கும். மேலே காற்றழுத்தம் கீழுள்ளதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். கீழே வெப்பம் கூடுதலாக இருப்பதால் நசுங்கல் கொஞ்சம் குறையும், ஆனாலும் கண்ணுக்குத் தெரியும். எதிர்த்திசையில், கீழே அடைத்த சிப்ஸ் பாக்கெட் மேலே வந்தால் தலையணை மாதிரி உப்பும். சாதாரண பொருள்கள், படம் வரைந்து விளக்கத் தேவையில்லை. இதில் கூடுதல் வேடிக்கை, நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலே தடை செய்யப்பட்ட பொருள். 'இது என் பாட்டில் இல்லை' என்று சொன்னால் கொலைக் கேஸில் தப்பலாம். 'என் பாட்டில்தான்' என்றால் அபராதம் நிச்சயம். வில்லன் யோசிக்கும் அந்த இரண்டு நொடி அமைதிக்குப் பின்னணி இசை வேண்டாம்.

பிணம் விஷயத்தில் எஸ்.ஐ. தப்பு செய்தாக வேண்டும். இந்தியச் சட்ட மருத்துவப் பாடநூல்களில் மரண விறைப்பு கோடையில் 18 முதல் 36 மணி நேரமும் குளிர்காலத்தில் 24 முதல் 48 மணி நேரமும் நீடிக்கும் என்று இருக்கும். ராமநாதபுரத்து வெயிலில் பழகியவன் மனக்கணக்குப் போட்டு 'நேத்து ராத்திரி' என்பான். டிசம்பரில் அவலாஞ்சிப் பக்கத்துப் பள்ளத்தில், விடியற்காலை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கையில், விறைப்பு மெதுவாக வந்து மெதுவாக விலகும், அழுகலும் தள்ளிப்போகும். அவன் ஒரு நாள் முழுக்கப் பிசகியிருப்பான். அந்த ஒரு நாள் பிசகில் தவறான ஆளைப் பிடித்து உள்ளே வைப்பது இடைவேளைக்கு முன் நடக்க வேண்டியது.

மலையில் எந்தச் சாவுக்கும் முதல் சந்தேக ஆள் மனிதன் அல்ல. யானை, காட்டுமாடு, கரடி, சிறுத்தை, புலி என்று வரிசையாக ஐந்து பேர் நிற்பார்கள். கொலைகாரனுக்கு இதைவிட வசதி உண்டா? ஆனால் ஒவ்வொன்றும் தன் கையெழுத்தை விட்டுச்செல்லும். கரடி முகத்தையும் தலையையும் பிறாண்டும். காட்டுமாடு கீழிருந்து மேலாகக் குத்திக் கிழிக்கும். பூனை இனம் கழுத்தைக் கவ்வும், இழுத்துச் செல்லும். இறந்த பிறகு உண்டாக்கிய காயத்தில் உயிருள்ளபோது வரும் ரத்தக்கசிவு இருக்காது என்பதைப் பிரேதப் பரிசோதனை சொல்லிவிடும். யானைக்கு ஓர் அழகான கணக்கு உண்டு: முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம். தடத்தின் விளிம்பில் கயிற்றைச் சுற்றி அளந்து 1.3 மீட்டர் வந்தால், தேடவேண்டியது 2.6 மீட்டர் யானையை. கொலைகாரன் ஏதோ ஓர் அச்சை வைத்துப் பதித்த தடங்களில் முன்னங்கால் ஒரு யானையுடையதும் பின்னங்கால் வேறு யானையுடையதுமாக இருந்தால்? எஸ்.ஐ. பெல்ட்டைக் கழற்றி அளந்துகொண்டிருக்க, பேன்ட் நழுவ, உண்மையான யானை பின்னால் நிற்கலாம். பழைய வித்தைதான். ஆனால் பெல்ட்டைக் கழற்ற உண்மையான காரணம் இருப்பதால் செல்லும்.

இந்த இடத்தில் மூன்றாவது ஆள் நுழைய வேண்டியிருக்கிறது: வனத்துறை. சட்டம் எழுதும் நகைச்சுவையை எழுத்தாளர் எழுத முடியாது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 23. ஆனால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி உதவி வனப்பாதுகாவலர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி சாட்சியம் பதிவு செய்யலாம். குற்றம்சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிந்திருந்தால் அது விசாரணையில் ஏற்கப்படும். அதே சட்டத்தில், 55-ஆம் பிரிவில் சொல்லப்பட்டவர்கள் புகார் கொடுத்தால்தான் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். ஆகவே வில்லன் எஸ்.ஐ.யிடம் அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான், பயனில்லை. அவன் ஜீப்பில் காட்டுமாட்டுக் கறி இருந்தது தெரியவந்ததும் கதை வேறு கைக்கு மாறுகிறது. கொலைக்குப் பிடிக்க வந்தவன் கறிக்கு உள்ளே போகிறான். உச்சக்காட்சிக்கு முந்தைய திருப்பமாக இதை வைத்தால் போலீஸ்–வனத்துறைச் சச்சரவைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

துரத்தலுக்கு வருவோம். மலைப்பாதையில் துரத்தல் வேகத்தால் நடப்பதில்லை, வெப்பத்தால் நடக்கிறது. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் குன்னூரிலிருந்து மலையடிவாரத்துக் கல்லாறு வரை, கிட்டத்தட்ட 1,450 மீட்டர், இறங்கும்போது 21 மெகாஜூல் ஆற்றலை எங்காவது தொலைத்தாக வேண்டும். எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து முழுக்க ஆவியாக்கிவிடும் அளவு அது. இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் எல்லாம் பிரேக்கின் தலையில். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140-லேயே கொதிக்கும். கொதித்தால் குழாயில் குமிழி. குமிழி நசுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். படங்களில் எப்போதும் யாரோ பிரேக் வயரை அறுக்கிறார்கள். மலையில் அறுக்கவே வேண்டாம், வெளியூர் டிரைவரே போதும். வில்லனின் வண்டியில் பிரேக் வாசம் வருவதைப் பெரியவர் மூக்கால் பிடித்து, 'அவசரப்படாதீங்க, பத்தாவது வளைவுல அவரே நிப்பாரு' என்று மெதுவாக ஓட்டச் சொல்வது இந்தப் படத்தின் துரத்தல். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற மலைச்சாலை விதியும் இருக்கிறது. உயிருக்கு ஓடும் வில்லன் பழக்கதோஷத்தில் கேரட் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது அவன் உள்ளூர்க்காரன் என்று காட்டிக்கொடுக்கும்.

வழிகளும் கதை எழுதும். கோடை சீசனில் ஏறுவது பர்லியார் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப்பாதை ஆக்குவார்கள். தெப்பக்காட்டிலிருந்து ஊட்டிக்கு மசினகுடி, கல்லட்டி வழியே 36 கிலோமீட்டர், அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். கூடலூர் சுற்றினால் 67. கல்லட்டியில் இறங்க வெளிமாவட்ட வண்டிகளுக்குத் தடை, நீலகிரியின் டி.என். 43 பதிவு எண் என்றால் போகலாம். மாநில எல்லையான கக்கநல்லாவைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர்க் காடு, அங்கே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை சாலை மூடல்; ஆம்புலன்ஸ் போன்ற சிலதற்குத்தான் விலக்கு. ஏழே முக்காலுக்குக் கல்லட்டி உச்சியில் நிற்கும் எஸ்.ஐ.யின் சென்னைப் பதிவு வண்டி சட்டப்படி இறங்கக் கூடாது. பெரியவரின் முப்பது வருட ஜீப் இறங்கலாம். மேலதிகாரியின் உத்தரவைவிட இறுக்கமான கயிறு என்று முன்பு சொன்னது இதைத்தான். 2024 மே 7 முதல் மலையேறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்துவிட்டதால், யார் எந்த வண்டியில் எத்தனை பேராக மலையேறினார்கள் என்ற பதிவும் இருக்கிறது. ரயிலிலோ அரசுப் பேருந்திலோ வந்தவருக்கு அது தேவையில்லை. கெட்டிக்கார வில்லன் பேருந்தில் வருவான்.

மலை ரயிலை விட்டுவிட்டு நீலகிரியில் அதிரடிப் படம் எடுப்பது கூடாது. ஆனால் அதன் உண்மையான வேகத்தை மறைப்பது அதைவிடப் பாவம். கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கரப் பாதை, ஏற்றம் 12-க்கு 1. அங்கே அதிகபட்ச வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். 46 கிலோமீட்டரை ஏற கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். பேருந்து இரண்டரை மணியில் போய்விடும். ஆகவே ரயிலில் தப்பிக்கும் வில்லனை எஸ்.ஐ. மூச்சிரைக்கத் துரத்த, பெரியவர் பேருந்தேறி, குன்னூரில் இறங்கி, வர்க்கி வாங்கிச் சாப்பிட்டு, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து காத்திருக்கலாம். இன்னொரு நுட்பம்: இந்தப் பாதையில் இன்ஜின் எப்போதும் இறக்கப் பக்கத்தில் இருந்து தள்ளும். மேலே போகும்போது முன்னால் இருப்பது பெட்டி. அதன் முகப்பில் கொடியோடு பிரேக்ஸ்மேன் நிற்பார், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் உண்டு. 'இன்ஜினுக்குப் போய் வண்டியை நிறுத்து' என்று வில்லன் முன்னோக்கி ஓடினால், அங்கே இன்ஜின் இல்லை. கொடி பிடித்த ஒருவர் 'டிக்கெட் இருக்குங்களா' என்பார். வழியிலுள்ள ஹில்குரோ நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நேரத்தில் சண்டையும் நிற்கலாம், இரு தரப்பும் டீ குடிக்கலாம்.

கைகலப்புக்குத் தேயிலைத் தோட்டம். இதைச் சரியாக எடுத்தவர்கள் குறைவு. தேயிலைச் செடியின் மேல்தளம் இடுப்பளவு. கிளைகள் கம்பிபோல் விறைப்பானவை. பச்சைப் பாய் விரித்தது போலத் தெரியும், குறுக்கே ஓட முடியாது. பறிப்பவர்கள் நடக்கும் இடைவெளியில்தான் ஓடலாம், அந்த இடைவெளிகளோ மலைச்சரிவின் மட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகும். ஆக, ஹீரோவும் வில்லனும் பக்கத்துப் பக்கத்து வரிசையில், இடுப்புக்கு மேல் மட்டும் தெரிய, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இணையாக ஓடுவார்கள். அரை கிலோமீட்டருக்கு அடிக்க முடியாது. இலை பறிக்கும் அக்காக்கள் தலை திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கவாத்து, அதாவது செடியைக் குட்டையாக நறுக்கி, வெட்டிய பகுதியில் இந்தக் காட்சியை ஒருபோதும் வைக்கக் கூடாது. வெட்டிய குச்சிகள் ஈட்டிமுனை. வரிசைகளுக்கு நடுவே வடிகால் குழி உண்டு, செடி மறைத்திருக்கும், கணுக்கால் போகும். ஷாட்டுக்கு முன் ஒருவர் கம்பால் குத்திக் குத்தி நடந்து, குழிகளுக்குத் துணி கட்டிய குச்சி நட்டு, ஆட்கள் மனப்பாடம் செய்த பிறகே குச்சியைப் பிடுங்க வேண்டும். கூடலூர், தேவாலாப் பக்கம் மழைக்காலமென்றால் ரத்தம் உறிஞ்சும் அட்டை. உப்பு மூட்டை கட்டிய குச்சி யூனிட்டில் இருக்கவேண்டும்.

2,200 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்கு சொச்சம். சென்னையிலிருந்து காலையில் ஏறிவந்த ஃபைட்டர்களை மதியமே ஓட விட்டால் மூன்றாவது டேக்கில் முகம் வெளுக்கும். ஒரு நாள் விட்டுத் தொடங்குவது நல்லது. ஒற்றை ஷாட் சண்டை என்ற ஆசையை முப்பது, நாற்பது விநாடிக்குள் சுருக்கிக்கொள்வது இன்னும் நல்லது. ஆனால் திரையில் அந்த மூச்சிரைப்பை மறைக்கக் கூடாது. அடித்துவிட்டு இருவரும் முட்டியில் கைவைத்துக் குனிந்து நிற்பதும், 'ஒரு நிமிஷம்' என்று விரல் காட்டுவதும் இங்கே உண்மை. வண்டிக்கும் இதே கதிதான். கார்புரேட்டர் பைக், டர்போ இல்லாத டீசல் இன்ஜின் எல்லாம் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். படப்பிடிப்பு ஜெனரேட்டரும் அப்படியே. கீழே போட்ட லைட் கணக்கை மேலே அப்படியே ஏற்றினால் டிரிப் ஆகும்.

எடுப்பவர்களுக்கு மீதி விஷயங்கள் சுருக்கமாக. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர்ச் சரிவை நனைக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை குன்னூர், கோத்தகிரிச் சரிவில் கொட்டும், மண் சரியும், சாலை அடைபடும். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை இரு பக்கமும் ஓரளவு பிழைக்கலாம். ஜனவரி உறைபனியை எடுக்க விடிவதற்கு முன் கேமரா நிற்கவேண்டும். வெயில் ஏறினால் புல்வெளி வெறும் ஈரப் புல். சூடான அறையில் இரவைக் கழித்த கேமராவைப் பையோடு வெளியே அரை மணி ஆறவிட வேண்டும், உள்ளே கொண்டுவரும்போதும் பையைத் திறக்காமல் அப்படியே. இல்லையென்றால் லென்ஸில் நீர் படியும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரிகள் உதவியாளர்களின் ஸ்வெட்டருக்குள் இருக்கட்டும். மூடுபனி பிற்பகலில் திடீரென ஏறி வரும். பாதிக் காட்சியில் வந்துவிட்டால் கன்டினியூட்டி போச்சு. அனுபவமுள்ளவர்கள் வசனத்திலேயே ஒரு காப்பு வைத்திருப்பார்கள்: 'மூடுது, சீக்கிரம்' என்று யாராவது ஒருவர் சொல்லும் வரி எழுதி, தேவைப்பட்டால் சேர்ப்பார்கள், இல்லையென்றால் வெட்டுவார்கள்.

முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் அனுமதி வனத்துறையிடம், ட்ரோன் பற்றி நினைக்கவே வேண்டாம். விலங்கு நடிக்கிறது என்றால் விலங்குநல வாரியத்தின் முன் அனுமதி தனி. புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை நடிக்க வைக்கவே கூடாது, அவை கம்ப்யூட்டரில்தான் பிறக்க வேண்டும். கேரவனைக் கொண்டை ஊசியில் திருப்ப முடியாமல் போக்குவரத்தை அடைத்தால் ஊரின் நல்லெண்ணம் முதல் நாளே போய்விடும். வேன்களாகப் பிரித்துக்கொள்வது மேல். நூற்றைம்பது பேர் யூனிட்டுக்குத் தண்ணீரைக் கேன்களில் ஏற்றி, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் பெயர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கல்லாறு செக்போஸ்ட்டில் பாட்டில் பெட்டிகளை இறக்கச் சொல்லி நிற்கும் தயாரிப்பு வேனுக்குப் பின்னால், கதாநாயகனின் காரும் வில்லனின் காரும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துக்கிடக்கும். அதையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளலாம்.